ஃபயர்ஸ்டீல்ல கேம்ப் ஃபயர் பத்த வைக்கறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்க சில பேர் சேர்ந்து நாகர்கோவில் சுத்துவட்டாரத்துல தெரிஞ்சவங்க தென்னந்தோப்பு, ரப்பர் தோட்டம்னு உரிமையாளர்கிட்ட கேட்டுட்டு ராத்திரி தங்குவோம், அங்கயே சமைப்போம், தீயை ஃபயர்ஸ்டீல்லயும் அங்க கிடைக்கற நாரு பஞ்சுலயும்தான் மூட்டுவோம். புதுசா கூட வர்றவங்க கேக்கற கேள்விங்க பெரும்பாலும் ஒண்ணேதான்ங்கறதால பதில் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். உதாரணம் எல்லாம் கன்னியாகுமரி மாவட்டத்து மரம் செடியை வெச்சுதான் இருக்கும், வேற ஊர்க்காரங்க அவங்க பக்கம் கிடைக்கறதை அந்த இடத்துல போட்டுக்கோங்க.

கேள்வி: ஃபயர்ஸ்டீல்னா சிக்கிமுக்கிக் கல்லா?

இல்லைங்க, அது கல்லே இல்ல, உலோகக் கலவை. விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு கம்பி, கூட சுரண்டறதுக்கு ஒரு தகடு. கம்பிக்கு ஃபெரோ ராடுன்னு பேரு, ஃபெரோசீரியம்ங்கற கலவையில செய்யறாங்க, அதுல சீரியம், லாந்தனம் மாதிரி அரிய மண் உலோகங்கள், இரும்பு, கொஞ்சம் மக்னீசியம் எல்லாம் இருக்கும். கூரான விளிம்பால அழுத்தி சுரண்டினா துகள் துகளா உதிரும், உரசற சூட்டுலயே அந்த துகள் காத்துல இருக்கற ஆக்சிஜனை எடுத்துக்கிட்டு எரிய ஆரம்பிச்சிடும், ஏன்னா பொடியா இருக்கற சீரியம் பத்தறதுக்கு 150, 180 டிகிரி போதும். ஆனா பத்தினதுக்கு அப்புறம் அந்தப் பொறி 3000 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகும்.

சிக்கிமுக்கில நடக்கறது வேற. அங்க கல்லு எஃகை சீவுது, எரியறது இரும்புத் துகள், அந்தப் பொறிக்கு சூடு ரொம்ப கம்மி. அதனாலதான் சிக்கிமுக்கிக்கு கரியாக்கின துணி மாதிரி ஏதாவது ஒண்ணு இல்லாம முடியாது, ஃபெரோ ராடுக்கு காஞ்ச நாரே போதும். சிகரெட் லைட்டர்ல போடற குட்டி கல்லும், வெல்டிங் பட்டறையில கேஸ் டார்ச் பத்த வைக்க டக்டக்குனு அடிப்பாங்களே அந்த ஸ்பார்க் லைட்டர்ல இருக்கறதும் இதே ஃபெரோசீரியம்தான், நீங்க ஏற்கெனவே கையில வெச்சு பழகின பொருள்தான்.

கேள்வி: இதை யார் கண்டுபிடிச்சது?

கார்ல் ஆவர் ஃபொன் வெல்ஸ்பாக்னு ஆஸ்திரியா நாட்டு வேதியியலாளர், 1903ல காப்புரிமை வாங்கினார். நம்ம கல்யாண வீட்டுலயும் திருவிழாவுலயும் எரிஞ்ச பெட்ரோமாக்ஸ் லைட்டோட மேன்டில் இருக்கு பாருங்க, அந்த கேஸ் மேன்டிலும் அவர் கண்டுபிடிச்சதுதான். மேன்டிலுக்கு தோரியம் வேணும், தோரியத்துக்கு மோனசைட் மணல் வேணும், மோனசைட்ல தோரியத்தை எடுத்துட்டா நிறைய சீரியமும் லாந்தனமும் மிச்சமா நிக்கும். அந்த மிச்சத்தை என்ன பண்றதுன்னு தேடினப்போ வந்ததுதான் ஃபெரோசீரியம்.

இதுல எங்க ஊருக்கு நேரடி சம்பந்தம் இருக்கு, அதை நான் பெருமையாவே சொல்லுவேன். 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர்ல இருந்து ஏத்துமதியான தேங்காய் நார்ல ஒட்டிக்கிட்டு போன மணலைப் பாத்து அதுல மோனசைட் இருக்கறதை கண்டுபிடிச்சார். அதைத் தேடி வந்து தொழில் ஆரம்பிச்ச இடம் மணவாளக்குறிச்சி, அப்போ திருவிதாங்கூர், இப்போ கன்னியாகுமரி மாவட்டம். இன்னைக்கும் அங்க மத்திய அரசோட ஐஆர்இஎல் மணல் ஆலை இருக்கு. உங்க கையில இருக்கற ராடுல உள்ள சீரியம் எந்த நாட்டு மண்ணுல இருந்து வந்ததோ அது வேற விஷயம், ஆனா பொறி தர்ற சீரியம் எங்க கடற்கரை மணல்ல இருக்கு, அந்தப் பொறியை வாங்கிக்கற நாரு எங்க தென்னையில இருக்கு.

கேள்வி: லைட்டர் பத்து ரூபாய்க்கு கிடைக்குதே, எதுக்கு இந்த மெனக்கெடல்?

லைட்டரும் கொண்டு போங்க, வேண்டாம்னு சொல்லவே மாட்டேன். லைட்டர் கேஸ் தீர்ந்துடும், மலை மேல குளிர்ல சரியா வேலை செய்யாது, மணல் போனா சக்கரம் சுத்தாது. தீப்பெட்டி எங்க ஊர் ஈரக் காத்துலயே நமுத்துப் போகும். ஃபெரோ ராடு ஆத்துல விழுந்தாலும் துடைச்சுட்டு சுரண்டினா பொறி வரும், ஒரு ராடு வருஷக்கணக்குல ஓடும். ஆனா எனக்கு இது பிடிக்க முக்கிய காரணம் வேற. லைட்டர்ல சுடர் ரெடியா வந்துடறதால எதையாவது குவிச்சு வெச்சு நீட்டிக்கிட்டே இருப்போம். ராடுல பொறி மட்டும்தான் வரும், மிச்ச வேலை பூரா நாம முன்னாடியே பண்ணி வெச்சிருக்கணும், அதனால எந்த நாரு எப்போ காயும், எந்த சுள்ளி எந்த அளவுல இருக்கணும்னு கை தானா கத்துக்கும். அப்படி கத்துக்கிட்டவங்க கையில கடைசி ஒரே ஒரு தீக்குச்சி இருந்தாலும் தீ மூட்டிடுவாங்க.

கேள்வி: எந்த மாதிரி ராடு வாங்கறது?

முதல் ராடு தடிமனா இருக்கட்டும், 8 மில்லிமீட்டருக்கு குறையாம, 10, 12 இருந்தா இன்னும் நல்லது, நீளம் ஒரு ஜாண் பக்கத்துல இருந்தா சுரண்ட இடம் கிடைக்கும். சாவிக்கொத்துல தொங்கவிடற குட்டி ராடு ஆபத்துக்கு உதவும், பழகறதுக்கு ஆகாது. கூட வர்ற தகடு பல நேரம் மொண்ணையா இருக்கும். ஹார்டுவேர் கடையில ஆக்ஸா பிளேடு வாங்கி ஒரு துண்டு உடைச்சு, பல்லு இல்லாத முதுகுப் பக்கத்தை வெச்சு சுரண்டுங்க, அதைவிட நல்ல ஸ்ட்ரைக்கர் நான் பாக்கல, பிடிக்கற இடத்துல மட்டும் துணி சுத்திக்கோங்க. கத்தியோட முதுகும் சரிதான், ஆனா விளிம்பு சரியா 90 டிகிரில கூரா இருக்கணும், உருட்டி விட்டிருந்தா வழுக்கும். கத்தியோட வெட்டற வாயால மட்டும் சுரண்டாதீங்க, கத்தியும் போகும் கையும் போகும்.

சாம்பல் நிற கட்டியில ஓரமா ஒரு மெல்லிய கறுப்பு கம்பி பதிச்சு விக்கறாங்களே அது மக்னீசியம் பிளாக். கட்டியை சுரண்டி தூள் சேத்து அதுமேல அந்த கம்பியில பொறி விடணும். தூள் நல்லா கொழுந்து விட்டு எரியும், ஆனா சின்ன காத்து அடிச்சாலே பறந்து போயிடும், ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: புது ராடு, எவ்வளவு தேய்ச்சாலும் பொறியே வரல!

மேல கறுப்பா ஒரு பூச்சு இருக்கும், துரு பிடிக்காம இருக்க அடிச்ச பெயின்ட். ஒரே இடத்துல அழுத்தி பத்து பதினஞ்சு தடவை சுரண்டினா அது போய் உள்ள வெள்ளி நிறம் தெரியும், அப்புறம் கொட்டும்.

கேள்வி: எப்படி சுரண்டணும்? நான் அடிக்கும்போதெல்லாம் பஞ்சு சிதறிடுது.

எல்லாரும் முதல்ல ராடை அசைக்காம வெச்சுக்கிட்டு கத்தியை முன்னாடி வேகமா தள்ளுவாங்க, கை போய் நாரு மேல இடிச்சு கட்டி வெச்ச எல்லாம் கலைஞ்சுடும். மாத்தி பண்ணுங்க. ராடோட நுனியை நாருக்குள்ளயே ஊணி வைங்க, ஸ்ட்ரைக்கரை ராடு மேல சாய்ச்சு, சுமார் 45 டிகிரில அழுத்தி, ஸ்ட்ரைக்கர் பிடிச்ச கையை முட்டியில ஊணி அசையாம வெச்சுக்கிட்டு ராடை பின்னாடி இழுங்க. பொறி எல்லாம் ஒரே இடத்துல விழும், நாரு நகராது. வேகம் முக்கியமில்ல, அழுத்தம்தான் முக்கியம். வேகமா உரசினா பாக்க அழகா நட்சத்திரமா சிதறும், ஆனா அதெல்லாம் பொடிப்பொடி துகள், விழறதுக்குள்ள அணைஞ்சிடும். மெதுவா அழுத்தி இழுத்தா தடிமனான துகள் உதிர்ந்து நாரு மேல விழுந்தும் எரிஞ்சுக்கிட்டு கிடக்கும், நமக்கு வேண்டியது அதுதான்.

கேள்வி: பொறி நல்லா வருது, நாருல விழுது, ஆனா பத்தவே மாட்டேங்குது. என்ன தப்பு?

இந்த ஒரு கேள்விக்கு பதில் புரிஞ்சா மத்த எல்லாம் தானா வரும், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

பொறிக்கு ஆயுசு ஒரு செகண்டு கூட இல்ல. சூடு ஜாஸ்திதான், ஆனா துகள் ரொம்ப சின்னது, அதனால அது மொத்தமா கொடுக்கற வெப்பமும் ரொம்ப கொஞ்சம். அந்த கொஞ்ச வெப்பத்துலயே சூடாகி, புகைஞ்சு, தீ பிடிக்கற அளவுக்கு மெல்லிசான ஏதோ ஒண்ணு அது விழற இடத்துல இருக்கணும். முடியை விட மெல்லிசா இருக்கற நாரு பத்தும், தீக்குச்சி தடிமன் உள்ள புல்லு பத்தாது, ரெண்டும் ஒரே செடியில இருந்து வந்திருந்தாலும் சரி. அதனால எந்தப் பொருள்ங்கறதை விட அதை எவ்வளவு நேரம் கையில கசக்கி, பிரிச்சு, சீவி மெல்லிசாக்கினீங்கங்கறதுதான் விஷயம். நாரை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு உருட்டுங்க, முறுக்கு பிரியும், கீழ ஒரு துணியோ இலையோ விரிச்சுக்கோங்க, உதிர்ற பொடியை கொட்டிடாதீங்க, பொறி முதல்ல பிடிக்கறது அந்தப் பொடியிலதான்.

ரெண்டாவது ஈரம். கைக்கு காஞ்ச மாதிரி தெரியறது எல்லாம் காஞ்சது இல்ல. நாருக்குள்ள ஈரம் இருந்தா பொறி கொடுக்கற சூடு பூரா அந்த தண்ணியை ஆவியாக்கறதுலயே செலவாயிடும். எங்க கடலோரத்துல சாயங்காலம் ஆனதும் காத்துல இருக்கற ஈரத்தை நாரு உறிஞ்சிக்கும், மத்தியானம் பத்தின அதே பன்னாடை ராத்திரி எட்டு மணிக்கு பத்தாது. வெயில் இருக்கும்போதே சேத்து, மூடி போட்ட டப்பாவுலயோ ஜிப் கவர்லயோ போட்டு வெச்சுடுங்க.

மூணாவது காத்து. ரொம்ப இறுக்கி உருண்டை பிடிச்சா உள்ள ஆக்சிஜன் போகாது, ரொம்ப உதிரியா இருந்தா ஒரு நாருல பிடிச்சது அடுத்த நாருக்கு தாவாது. குருவிக்கூடு மாதிரி கட்டுங்க, வெளிய முரட்டு நாரு, நடுவுல குழி, குழிக்குள்ள பொடியும் மெல்லிசு பஞ்சும்.

ஆல்ப்ஸ் மலை பனிக்குள்ள 1991ல ஒரு ஆதி மனுஷனோட உடம்பு கிடைச்சது, ஓட்ஸினு சொல்வாங்க, 5000 வருஷத்துக்கு மேல பழசு. அவன் பையில தீ பிடிக்கறதுக்குன்னே தயார் பண்ணின மரக்காளான் இருந்துச்சு, கல்லைத் தேடறதுக்கு முன்னாடி அவன் பத்திரப்படுத்தினது அந்த காளானைத்தான்னு எனக்குத் தோணும், ஏன்னா பொறி வர்ற கல்லு வழியில கிடைக்கலாம், காஞ்ச டின்டர், அதாவது பொறியை வாங்கி முதல்ல பத்தற மெல்லிசு பொருள், மழைநாள்ல வழியில கிடைக்காது.

கேள்வி: நம்ம ஊர்ல கிடைக்கறதுல எது நல்ல டின்டர்?

தென்னை இருக்கற இடத்துல வேற எதையும் தேட வேண்டாம். மட்டை அடியில வலை மாதிரி சுத்தி இருக்குமே பன்னாடை, அதை உதறி தூசி போக்கி நல்லா கசக்கினா பழுப்பா பஞ்சு மாதிரி வரும், ராடு பொறிக்கு நல்லா பிடிக்கும். கதம்பையை, அதாவது தேங்காயோட மேல் மட்டையை, உரிச்சு எடுக்கற நாரும் சரி, ஆனா அது சட்டுனு சுடர் விடாது, முதல்ல கங்கு பிடிச்சு புகையும், கையில தூக்கி மெதுவா நீளமா ஊதினா திடீர்னு தீயா மாறும். பெட்டிக்கடையில பீடி பத்த வைக்க கட்டி தொங்கவிடற கயிறு நாள் பூரா புகைஞ்சுக்கிட்டே இருக்கும் இல்லையா, அதே குணம்தான். காத்து அடிக்கற இடத்துல இது பெரிய உதவி, சுடர் அணையும், கங்கு காத்துல இன்னும் சிவக்கும்.

இலவம்பஞ்சு, எருக்கங்காய் வெடிச்சு வர்ற பஞ்சு, குளத்தோரம் சம்புக் கதிர்ல இருக்கற பஞ்சு, இதெல்லாம் பொறி பட்டதும் பொக்குனு எரிஞ்சு அடுத்த நொடி ஒண்ணும் இருக்காது. தனியா வெச்சா ஏமாந்துடுவீங்க. பன்னாடை நாருக்கு நடுவுல கொஞ்சமா வைங்க, பஞ்சு பிடிக்கும், நாரு அதை வாங்கி தாங்கும். இந்த ஜோடி தான் என்னோட முதல் தேர்வு. எருக்கு பறிக்கும்போது பால் கண்ணுல படாம பாத்துக்கோங்க.

மலையடிவாரத்துல கூந்தல்பனை இருந்தா அதோட மட்டை அடியில படியற பழுப்புப் பஞ்சைப் பாருங்க, இலங்கையில கித்துள்னு சொல்ற அதே மரம், அந்தப் பஞ்சை டின்டரா பயன்படுத்தறது ரொம்ப பழைய வழக்கம். மூங்கிலும் நல்லது, காஞ்ச மூங்கிலோட மேல்தோலை கத்தி முதுகை செங்குத்தா வெச்சு சுரண்டிக்கிட்டே இருந்தா சுருள் சுருளா பஞ்சு சேரும், மழைநாள்லயும் இது கிடைக்கும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தங்கறவங்களுக்கு யூகலிப்டஸ் பட்டை இருக்கு, நாரா கிழியும், தைல மரம்ங்கறதால நல்லா எரியும்.

கேள்வி: சவுக்குச் சருகு, வைக்கோல், வறட்டி?

சவுக்குச் சருகு நேரா பொறிக்கு பிடிக்கறது கஷ்டம், வழவழன்னு தடிமனா இருக்கும். சுடர் வந்ததுக்கு அப்புறம் அது மேல ஒரு பிடி போட்டீங்கன்னா பிச்சுக்கிட்டு எரியும். வைக்கோலும் அப்படித்தான், நல்லா நசுக்கினா கொஞ்சம் பரவாயில்ல. வறட்டி பொறிக்கு ஆகாது, ஆனா கங்கை வாங்கி மணிக்கணக்கா வெச்சிருக்கும், ராத்திரி மூட்டின தீயை விடியகாலம் டீ போடறதுக்கு திரும்ப எழுப்ப அதைவிட நல்லது கிடையாது.

கேள்வி: கரித்துணி எப்படி செய்யறது?

நூறு சதவீதம் பருத்தித் துணி வேணும், பழைய வேட்டி நல்லது, பாலியஸ்டர் கலந்தா உருகிடும். சின்ன தகர டப்பாவோட மூடியில ஆணியால ஒரு ஓட்டை போட்டு, துணியை துண்டு துண்டா உள்ள வெச்சு கங்கு மேல வைங்க. ஓட்டையில புகை வரும், புகை நின்னதும் எடுத்து நல்லா ஆற விட்டு திறங்க, சூடா திறந்தா காத்து பட்டு சாம்பலாயிடும். கறுப்பா முழுசா இருக்கணும். ஒரே ஒரு பொறி போதும், சிவப்பா பரவும், அதை நாருக்குள்ள மடிச்சு ஊதினா தீ. எல்லாம் நனைஞ்ச நாளுக்கு ரெண்டு துண்டு டப்பாவுல இருந்தா தைரியம்.

கேள்வி: மழைக்காலத்துல முடியுமா?

கன்னியாகுமரியில ஜூன்ல இருந்து தென்மேற்கு, அக்டோபர்ல இருந்து வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் உண்டு, அதனால இந்தக் கேள்விக்கு நாங்க பதில் தேடித்தான் ஆகணும். தரையில கிடக்கறது எதையும் தொடாதீங்க. மரத்துலயே காஞ்சு தொங்கற கிளை, ஓலை மறைவுல இருக்கற பன்னாடை, இதைத் தேடுங்க. கை மொத்தம் உள்ள காஞ்ச விறகை பிளந்தா நனைஞ்சது மேல மட்டும்தான்னு தெரியும், உள்ள இருக்கற காஞ்ச பாகத்தை மெல்லிசா சீவி எடுங்க, முழுசா வெட்டி எடுக்காம சுருள் சுருளா குச்சியிலயே ஒட்டி நிக்கற மாதிரி சீவினா அந்த ஒரு குச்சியே டின்டருக்கும் சுள்ளிக்கும் நடுவுல பாலமா இருக்கும். தரை ஈரமா இருந்தா விரல் தடிமன் குச்சிங்களை நெருக்கமா அடுக்கி மேடை கட்டி அது மேல மூட்டுங்க.

ரப்பர் தோட்டத்துல ஒட்டுப்பால் கிடைக்கும், வெட்டுப் பட்டையில பால் காஞ்சு ரிப்பன் மாதிரி ஒட்டியிருக்குமே அது. தோட்டக்காரங்ககிட்ட கேட்டு கொஞ்சம் வாங்கிக்கோங்க, அவங்களுக்கு அது காசு. பொறிக்கு நேரா பிடிக்காது, ஆனா சின்ன சுடர் பட்டா போதும், ஈர சுள்ளியையும் பத்த வைக்கற அளவுக்கு நின்னு எரியும். கறுப்பு புகையும் நாத்தமும் வரும்ங்கறதால அது முழுசா எரிஞ்சு முடிஞ்ச அப்புறம்தான் பாத்திரத்தை வைக்கணும்.

கேள்வி: கற்பூரம், மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊத்தலாமா?

கற்பூரத்தை பொடிச்சு பஞ்சுல தடவினா தீ கொஞ்ச நேரம் கூட நிக்கும், சுட்டு சாப்பிடற தீயில வேண்டாம். பெட்ரோல் கூடவே கூடாது. அதோட ஆவி தரையோட பரவி நீங்க நிக்கற இடம் வரைக்கும் வந்திருக்கும், ஒரு பொறி போதும், உங்களைச் சேத்து பிடிக்கும். எரியற தீ மேல மண்ணெண்ணெய் ஊத்தறதும் அப்படித்தான், தீ கேனுக்குள்ள ஏறும். நாரு சரியா இருந்தா இது எதுவும் தேவைப்படாது.

கேள்வி: நாரு பத்திடுது, சுள்ளி போட்டதும் அணைஞ்சிடுது.

அவசரம். பொறி விடறதுக்கு முன்னாடியே எல்லாம் அளவு வாரியா அடுக்கி கைக்கு எட்டற தூரத்துல இருக்கணும்: ஈர்க்குச்சி தடிமன் ரெண்டு கை நிறைய, பென்சில் தடிமன் அதே அளவு, கட்டைவிரல் தடிமன் ஒரு கட்டு, அப்புறம்தான் மணிக்கட்டு தடிமன் விறகு. தென்னை ஈர்க்கு, காஞ்ச முருங்கைக் குச்சி எல்லாம் முதல் அளவுக்கு நல்லா இருக்கும். உடைச்சுப் பாருங்க, டக்குனு சத்தத்தோட உடையணும், வளைஞ்சா வேண்டாம். சுடர் வந்ததும் மெல்லிசுல ஒரு பிடி மேல சாய்ச்சு கூம்பா வைங்க, சுடர் அதுக்கு மேல எட்டிப் பாக்கற வரைக்கும் அடுத்த அளவைத் தொடாதீங்க. கொதும்பும் (காஞ்ச தென்னம்பாளை) சிரட்டையும் கட்டைவிரல் அளவு எரிய ஆரம்பிச்ச பிறகு போடலாம், சிரட்டை முதல்ல புகையும், அப்புறம் கொடுக்கற சூட்டுக்கு ஈடே இல்ல.

கேள்வி: எந்த விறகு போடலாம், எது கூடாது?

புளி, மா, பலா, காஞ்ச ரப்பர் விறகு எல்லாம் நல்லது, திருநெல்வேலி தூத்துக்குடி பக்கம் போனா சீமைக்கருவேலம் இருக்கு, கங்கு ரொம்ப நேரம் நிக்கும். பச்சை வேம்பு புகையா வரும்.

அரளி கூடவே கூடாது, விறகாவும் சரி, கறி குத்தி சுடற குச்சியாவும் சரி, செடி முழுக்க விஷம். காயல், அலையாத்தி பக்கம் இருக்கற தில்லை மரத்தோட பால் கண்ணைக் கெடுக்கும், புகையும் ஆகாது. முந்திரித் தோடு எங்க ஊர்ல நிறைய கிடைக்கும், நல்லாவும் எரியும், ஆனா அதுல இருக்கற எண்ணெய் தோலைப் பொத்து போக வைக்கும், அந்தப் புகை பட்டாலும் எரிச்சல், அதனால தவிர்த்திடுங்க. மூடின கணு உள்ள மூங்கிலை அப்படியே போட்டா உள்ள இருக்கற காத்து சூடாகி வெடிக்கும், பிளந்து போடுங்க. அதே மாதிரி அடுப்புக்கு கல்லு வைக்கறவங்க ஆத்துக்குள்ள கிடந்த ஈரக் கல்லை எடுக்காதீங்க, உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி கல்லு தெறிக்கும்.

கேள்வி: எங்க மூட்டலாம்? காட்டுக்குள்ள டிரெக்கிங் போகும்போது?

காட்டுக்குள்ள கூடாது. தமிழ்நாடு வனச் சட்டம் 1882 படி காப்புக்காட்டுல தீ மூட்டறது குற்றம், சரணாலயத்துல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டமும் சேரும். சட்டத்துக்கு பயந்து மட்டும் சொல்லல. 2018 மார்ச் 11 அன்னைக்கு தேனி மாவட்டம் குரங்கணி மலையில காட்டுத்தீல சிக்கி டிரெக்கிங் போன 20 பேருக்கு மேல இறந்தாங்க. காஞ்ச புல்லு சரிவுல தீ மேல் நோக்கி ஓடற வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது. நான் மேல சொன்ன டின்டர் பாடம் பூரா, மெல்லிசா, காஞ்சு, காத்தோட்டமா இருக்கறது ஒரு பொறிக்கே பிடிக்கும்ங்கறது, மார்ச் ஏப்ரல்ல மலைச் சரிவு மொத்தத்துக்கும் பொருந்தும், மலையே டின்டரா நிக்குது.

சொந்த நிலம், உரிமையாளர் ஒத்துக்கிட்ட தோப்பு, தீ மூட்ட இடம் ஒதுக்கின தனியார் கேம்ப் சைட், இங்கதான். சுத்தி பத்து அடிக்கு சருகைக் கூட்டி மண்ணு தெரியற மாதிரி பண்ணுங்க. மேல நிமிர்ந்து பாருங்க, காஞ்ச ஓலை தொங்கற தென்னைக்கு கீழ வேண்டாம். வைக்கோல்போர், ஓலைக்கூரை, கரும்புக் காடு எந்தப் பக்கம் இருக்கு, காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துக்கோங்க, ஓலையில இருந்து கிளம்பற பொறி ரொம்ப தூரம் பறக்கும். காத்து பலமா இருந்தா அன்னைக்கு தீ கிடையாது, வீட்டுல இருந்தே சாப்பாடு கட்டிட்டு வாங்க.

கடற்கரையில ஜனவரியில இருந்து மே வரைக்கும் தயவுசெஞ்சு மூட்டாதீங்க. தமிழ்நாட்டுக் கரையில பங்குனி ஆமைங்க முட்டை போட்டு குஞ்சு பொரிக்கற காலம் அது. குஞ்சுங்க வெளிச்சம் தெரியற திசையைத்தான் கடல்னு நெனச்சு நடக்கும், உங்க தீயைப் பாத்து ஊருக்குள்ள திரும்பினா காலையில காக்கா நாய்க்குத்தான் இரை.

கேள்வி: பிள்ளைங்களுக்கு சொல்லிக் கொடுக்கலாமா?

கண்டிப்பா, பெரியவங்க ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்திருந்தா. கத்தி வேண்டாம், பிளேடு முதுகு போதும். முதல் நாள் வெறும் நாரு கசக்கறதும் சுள்ளி பிரிக்கறதும், அதுலயே அவங்களுக்கு ஆர்வம் வந்துடும். பருத்திச் சட்டை போடச் சொல்லுங்க, நைலான் ஜெர்கின்ல பொறி பட்டா உருகி தோல்ல ஒட்டும். தலைமுடி, துப்பட்டா கட்டிக்கணும். ஒரு வாளி தண்ணி முதல்ல, தீ அப்புறம், இந்த வரிசையை அவங்க வாயாலயே சொல்ல வைங்க.

கேள்வி: ராத்திரி குளிருக்கு கங்கை டென்ட்டுக்குள்ள வெச்சுக்கலாமா?

கூடாது, கொஞ்ச நேரம்னாலும் கூடாது. புகை இல்லாத கங்குல இருந்து கார்பன் மோனாக்சைடு வரும், வாசனை கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும். மலை ஊர்கள்ல ரூமுக்குள்ள கரி அடுப்பு வெச்சு தூங்கினவங்க எழுந்திருக்காத செய்தி திரும்பத் திரும்ப வருது. கூட ஒரு போர்வை எடுத்துட்டு போங்க.

கேள்வி: கை சுட்டுட்டா?

ஓடற தண்ணியில 20 நிமிஷம், ஐஸ் வேண்டாம், பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாதீங்க. மோதிரம், வளையல் வீங்கறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க. உள்ளங்கையை விட பெருசா சுட்டிருந்தாலோ முகம், மூட்டு பக்கம்னாலோ ஆஸ்பத்திரிக்கு போங்க.

கேள்வி: எப்படி அணைக்கறது? மண்ணு போட்டு மூடினா போதாதா?

போதாது. மண்ணுக்கு அடியில கங்கு மறுநாள் வரைக்கும் உயிரோட இருக்கும், கடற்கரை மணல்ல அப்படி மூடிட்டுப் போன இடத்துல வெறும் கால்ல ஓடற குழந்தைங்க மிதிச்சிடும். தோப்புல காஞ்ச வேர் வழியா தீ உள்ளுக்குள்ளயே ஊர்ந்து போய் தள்ளி வெளிய வரவும் செய்யும். தூங்கப் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே புது விறகு போடறதை நிறுத்துங்க. தண்ணி ஊத்துங்க, குச்சியால கிளறுங்க, திரும்ப ஊத்துங்க, பெரிய கட்டையைப் புரட்டி அடிப்பக்கமும் நனைங்க. உஸ்ஸுனு சத்தம் நின்னதும் புறங்கையை மேல காட்டுங்க, சூடு தெரியலன்னா மெதுவா தொட்டுப் பாருங்க. தொட முடியலன்னா இன்னும் அணையல.

கேள்வி: ராடு வெள்ளையா பூத்துப் போய் உதிருது, ஏன்?

உப்புக் காத்து. கடலோரத்துல வெறுமனே போட்டு வெச்சா அந்த உலோகம் அரிச்சு மாவா ஆயிடும். பயன்படுத்தினதும் துடைச்சு, சுரண்டின இடத்துல நெயில் பாலிஷ் ஒரு கோட் அடிங்க, இல்ல வாசலின் தடவி டப்பாவுல போடுங்க. அடுத்த தடவை ரெண்டு சுரண்டு சுரண்டினா பூச்சு போயிடும். ஏற்கெனவே பூத்திருந்தா உப்புத்தாளால தேய்ச்சுப் பாருங்க, உள்ள நல்ல உலோகம் இருந்தா இன்னும் ஓடும்.